நீக்கிவிட்ட மூன்று நாள்கள்

அன்பின் ஐயா,

நான் திருகோணமலையில் இறுதியாண்டில் படிக்கிறேன். கொட்டியாரக் குடாவில் மகாவலி ஆற்று நீர் எவ்வாறு பரவுகிறது என்பதைக் கணினி மாதிரியுரு ஒன்றால் கணித்தேன். பின்பு மூதூர்ப் படகொன்றில் சென்று உவர்ப்பை அளந்தும் பார்த்தேன். மூன்று நாள்களின் அளவுகள் மட்டும் பொருந்தவில்லை. அவற்றை நீக்கியபின் வரைபு நன்றாக வந்துவிட்டது. என் கேள்வி வேறு. பரிசோதனை செய்பவர்கள் மாதிரியுருவைக் கணினி விளையாட்டு என்கிறார்கள். மேற்படிப்புக்கு மாதிரியுரு, பரிசோதனை இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்யச் சொல்கிறார்கள். எதைத் தெரிவுசெய்வது? கருவி வசதி இல்லாத எங்கள் ஊரிலிருந்து நல்ல ஆய்வு செய்ய முடியுமா? இவற்றைத் தமிழில் எழுதுவதால் பயன் உண்டா?

ஒரு மாணவி

அன்பின் பிள்ளைக்கு,

உமது கடிதம் கிடைத்த அன்றே பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன். பல மாதங்களாக என் மனத்தைவிட்டு அகலாத ஒரு விடயத்தை நீர் ஒரே வரியில், அதுவும் போகிற போக்கில், சொல்லிக் கடந்திருக்கிறீர். தமிழில் எழுதுவது பற்றிய கேள்விக்குத் தனியாகப் பதில் வேண்டியதில்லை. உமது கடிதத்தின் தெளிவே அதற்குப் பதில். கணினி விளையாட்டு என்று சொல்பவர்களோடு வாதாடி உமது நேரத்தை வீணாக்க வேண்டாம். ஆனால் அந்த மூன்று நாள்களை யாரைக் கேட்டு நீக்கினீர்? விடியும் முன் எழுந்து, படகுக்குக் காசு கொடுத்து, வாடைக்காற்றில் நனைந்து எடுத்த அளவுகளை, முந்திய வாரம் மேசையில் இருந்து எழுதிய சமன்பாட்டுக்கு ஒத்துவரவில்லை என்பதற்காக எறிந்துவிட உமக்கு எப்படி மனம் வந்தது?

கடுமையாகப் பேசுகிறேன் என்று வருந்தாதேயும். எட்டாம் வகுப்பில் இதே பிழையை நானும் செய்தேன். எங்கள் விஞ்ஞான ஆசிரியர் கன்னியா வெந்நீரூற்றின் ஏழு கிணறுகளிலும் வெப்பநிலையை அளந்து வரும்படி எங்களை அனுப்பினார். கிணற்றுக்குக் கிணறு சூடு சிறிது வேறுபடும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். முதலாம் கிணற்றிலிருந்து ஏழாம் கிணறு வரை அது ஒழுங்காகக் கூடிச் செல்லும் என்று நானாகவே முடிவுசெய்து, முதல் நாள் இரவே கொப்பியில் ஒரு நேர்கோட்டை வரைந்து வைத்திருந்தேன். அன்று அந்தியேட்டிக்கு வந்திருந்தவர்கள் கிணறுகளைச் சூழ்ந்து நீர் அள்ளிக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் கிணற்றின் அளவு கோட்டுக்கு வெகு கீழே விழுந்தது. நான் அதை அழித்துவிட்டு, கோடு கேட்ட எண்ணை எழுதினேன்.

ஆசிரியர் கொப்பியை யன்னலோரம் பிடித்துப் பார்த்தார். அழித்த இடத்தில் தாள் மெலிந்து வெளிச்சம் ஊடுருவியது. "அங்கே முதலில் என்ன எண் இருந்தது?" என்று கேட்டார். எனக்கு நினைவில்லை. அவர் அடிக்கவில்லை, அடுத்த சனிக்கிழமை தன் செலவில் என்னை மீண்டும் கன்னியாவுக்குக் கூட்டிச் சென்று முதல் நாள் செய்ததைப் போலவே செய்துகாட்டச் சொன்னார். மூன்றாம் கிணற்றில் கூட்டத்தினிடையே குனிய முடியாமல் வெப்பமானியை நீரிலிருந்து தூக்கி, கண்ணருகே கொண்டுவந்து வாசித்திருந்தேன். அதற்குள் காற்றுப்பட்டு அது குளிர்ந்திருந்தது. மற்ற ஆறு கிணறுகளிலும் அதையேதான் செய்திருக்கிறேன், சற்று விரைவாக, அவ்வளவே. ஆகவே ஏழு அளவுகளுமே பிழை. அதை எனக்குச் சொல்லியிருக்கக்கூடிய ஒரேயோர் எண்ணைத்தான் நான் அழித்திருந்தேன்.

நிகழவிருப்பதை முன்கூட்டியே சொல்லித் தன்னைச் சோதனைக்கு ஒப்புக்கொடுப்பது மாதிரியுருவின் வேலை. அளவீட்டின் வேலை அதை மறுக்கும் உரிமையோடு நிற்பது. அந்த உரிமையை நீர் பறித்துவிட்டால் குடாவுக்குப் போனதற்கே பொருளில்லை.

லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயரைப் பற்றி உமக்கு யாரேனும் சொன்னார்களோ தெரியாது. முதலாம் உலகப் போரின்போது பிரான்சில் நோயாளர் வண்டி ஓட்டிக்கொண்டே, 1910 மே 20ஆம் திகதியின் வானிலையை, அந்தக் காலை எடுத்த அளவுகளிலிருந்து சமன்பாடுகளால் கையாலேயே கணித்துப் பார்த்தவர் அவர். ஆறு மணி நேரத்தில் வளியமுக்கம் 145 மில்லிபார் கூடும் என்று விடை வந்தது. உண்மையில் அன்று அமுக்கம் ஏறக்குறைய மாறவேயில்லை. அவர் அந்த எண்ணை மறைக்கவில்லை. 1922இல் வெளிவந்த தமது நூலில் கணக்கு முழுவதையும் விடையோடு சேர்த்து அச்சிட்டார். தொடக்க அளவுகளில் காற்றும் அமுக்கமும் ஒன்றோடொன்று சமநிலையில் இல்லாதிருந்ததே காரணம் என்பதும், அவற்றைச் சீர்செய்தால் அதே முறை நம்பத்தக்க விடையைத் தருகிறது என்பதும் பின்வந்தவர்கள் அந்தப் பக்கங்களை வைத்துக்கொண்டு மீண்டும் கணக்கிட்டதால் தெரியவந்தன. அவர் 145ஐ அழித்து 1 என்று எழுதியிருந்தால் அவர்களுக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் இருந்திராது.

கருவியில்லை என்ற முறைப்பாட்டுக்கும் அவரிடமே விடை உண்டு. நீரில் பொருள்கள் எவ்வாறு ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் பரவுகின்றன என்பதை அறிய, அவரும் கடலியலாளர் ஹென்றி ஸ்டொம்மலும் ஸ்கொட்லாந்தின் கடற்கழி ஒன்றில் பார்ஸ்னிப் என்னும் கிழங்கின் துண்டுகளை மிதக்கவிட்டு, அவற்றுக்கிடையே உள்ள தூரத்தை அளந்து, 1948இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். அந்தக் கிழங்கு ஏறக்குறைய முழுவதும் நீருள் அமிழ்ந்து மிதப்பதால் காற்று அதைத் தள்ளாது. வெறும் போத்தலை விட்டிருந்தால் நீரோட்டத்துக்குப் பதிலாகக் காற்றையே அளந்திருப்பார்கள். இதே மனிதர் போர்கள் ஏன் மூளுகின்றன என்பதையும் சமன்பாடுகளாக எழுதினார். நாட்டெல்லைகளின் நீளம் அளவுகோலுக்கேற்ப மாறுவதையும் அளந்து காட்டினார். துறை மாறினாலும் அவர் செய்தது ஒரே வேலைதான். மருத்துவத்திலும் இதைக் காணலாம். 1897இல் நுளம்பின் உடலில் மலேரியாக் கிருமியைக் கண்ட ரொனால்ட் ரொஸ், நுளம்பு முழுவதையும் அழிக்கத் தேவையில்லை, ஓர் எல்லைக்குக் கீழே குறைத்தால் நோய் தானே தணியும் என்பதைப் பின்னர் கணிதத்தால் காட்டினார். எதைத் தெரிவுசெய்வது என்று நீர் கேட்டதற்கு இதற்குமேல் நான் என்ன சொல்ல?

நம் ஊரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2004 டிசம்பர் 26ஆம் திகதியை நீர் சிறுபிள்ளையாகக் கடந்திருப்பீர்; நான் அன்று கடற்கரையிலிருந்து ஓடியவர்களில் ஒருவன். சுனாமி போன்ற நீளமான அலையின் வேகம் கடலின் ஆழத்தை மட்டுமே பொறுத்தது என்பது 18ஆம் நூற்றாண்டிலேயே தெரிந்த சூத்திரம். சுமார் 4,000 மீற்றர் ஆழத்தில் அது மணிக்கு 700 கிலோமீற்றரைத் தாண்டும். நிலநடுக்கத்தின் மையத்திலிருந்து திருகோணமலை ஏறத்தாழ 1,700 கிலோமீற்றர். ஆகவே அலை வந்துசேர இரண்டு மணி இருபது நிமிடத்துக்கு மேல் ஆக வேண்டும். பல ஆண்டுகளுக்குப் பின் ஓர் இரவு இந்தக் கணக்கை நான் போட்டுப் பார்த்தேன். கடலோ சுமார் இரண்டு மணி நேரத்திலேயே வந்துவிட்டது. கணக்குப் பிழையென்று தாளைக் கசக்கியிருக்கலாம். ஆசிரியரின் முகம் நினைவுக்கு வந்ததால் கசக்கவில்லை. நிலம் பிளந்தது ஒரு புள்ளியில் அல்ல. சுமாத்திராவிலிருந்து வடக்கே அந்தமான் வரை 1,200 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட நீளத்தில். அதன் வடபகுதி நமக்கு இன்னும் கிட்ட. பொருந்தாத அந்த இருபது நிமிடத்துக்குள்தான் அவ்வளவு நீளமான பிளவு இருந்தது. அன்று காலை நிலநடுக்கத்தின் வலுவுக்குப் பசுபிக் சுனாமி எச்சரிக்கை மையம் தந்த முதல் மதிப்பீடு 8.0 மட்டுமே, பிறகே அது 9க்கு மேல் உயர்ந்தது. சூத்திரம் எல்லோர் கையிலும் இருந்தது. இந்து சமுத்திரத்தில் அலையை அளந்து சொல்லும் மிதவை ஒன்றுகூட அன்று இருக்கவில்லை. ஜேசன்-1 செய்மதி தற்செயலாக மேலே கடந்து, ஆழ்கடலில் சுமார் 60 சென்ரிமீற்றர் உயரமான அலையைப் பதிவுசெய்தது. அந்த அளவு எங்களுக்கு உதவும் நேரத்தில் யார் கையையும் எட்டவில்லை. பின்வந்த மாதிரியுருக்களைச் சோதிக்க உதவியது.

இப்போது உமது மூன்று நாள்கள். அவை பெருமழைக்குப் பின் வந்த நாள்களா? ஆற்று நீர் உவர் நீரைவிட இலேசானது. வெள்ளக் காலத்தில் அது குடாவின் மேற்பரப்பில் மெல்லிய படையாகப் படர்ந்து நிற்கும். உமது மாதிரியுரு மேலும் கீழும் நன்றாகக் கலந்த நீரையே கருதுகிறது என்றால், அது அந்த நாள்களில் பிழைக்கத்தான் வேண்டும். நீர் எந்த ஆழத்தில் அளந்தீர் என்று கடிதத்தில் எழுதவில்லை. கயிறு எத்தனை பாகம் இறங்கியது, வாளியை மேலிருந்து முகந்தீரா என்பதெல்லாம் எனக்கு வேண்டும்.

அந்த மூன்று நாள்களின் அளவுகளை அழிக்காமல் எங்காவது வைத்திருப்பீர் என்று நம்புகிறேன். இல்லையென்றால் மூதூருக்குப் போய் அந்தப் படகுக்காரரைக் கேளும். அந்த மூன்று நாள்களிலும் நீரின் நிறம் எப்படியிருந்தது, கலங்கல் எதுவரை தெரிந்தது என்று அவருக்கு நினைவிருக்கும். கேட்டதைத் திகதியிட்டு எழுதி, பொருந்தாத அளவுகளையும் வரைபில் சேர்த்து எனக்கு அனுப்பும்.

அன்புடன்.