கொலுசுப் பட்டறைக்காரர் மகளும் கத்தாழை மீன் கல்லும்

மகளை மேலே என்ன படிக்க வைப்பது என்று என்னிடம் கேட்க, போன ஞாயிற்றுக்கிழமை சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அப்பா வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். அம்மா உட்கார்ந்ததிலிருந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். காரோட்டி வந்த சித்தப்பாவும் கூடவே. மகள் இரண்டாவது தடவையும் நீட் எழுதி, அரசு இடத்துக்கு எட்டாத மதிப்பெண். நானும் வழக்கம்போல "பரவாயில்லைங்க, எத்தனையோ வழி இருக்கு" என்று ஆரம்பித்தேன். சித்தப்பா குறுக்கே வந்து, அயோத்தியாப்பட்டணத்து மனையை விற்றால் நிகர்நிலை மருத்துவக் கல்லூரியில் ஒரு இடம் வாங்கிவிடலாம், டாக்டர் ஆனதும் நாலே வருஷத்தில் போட்டதை எடுத்துவிடலாம் என்றார். அத்தோடு ஆறுதல் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

அண்ணா, அன்றைக்கு உங்கள் தம்பி என்னைப் பேசவே விடவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். நிகர்நிலை மருத்துவக் கல்லூரிகள் பலவற்றில் படிப்புக் கட்டணம் மட்டுமே வருஷத்துக்கு 20 லட்சத்தைத் தாண்டுகிறது. நாலரை வருஷப் படிப்பு. ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் தனி. மனை போதாமல் பட்டறையையும் அடமானம் வைப்பீர்கள், அது முடிந்ததும் வெறும் எம்.பி.பி.எஸ். போதாது, பி.ஜி. படிக்கணும் என்று அதே சித்தப்பாதான் வந்து உட்காருவார். வேண்டாம். மனையை விற்காதீர்கள். மூன்றாவது தடவை நீட்டும் வேண்டாம், ஏனென்றால் நீங்கள் மூவரும் டீ குடிக்கப் போன நேரத்தில் "உனக்கு டாக்டராகணுமா பாப்பா?" என்று கேட்டேன், "அப்பாவுக்கு ஆசை சார்" என்றாள். அவ்வளவுதான் பதில்.

அப்புறம் பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்துக் காட்டினாள். உள்ளே வெள்ளையாகச் சின்னச் சின்னக் கற்கள். கத்தாழை மீன் தலையிலிருந்து எடுத்தது. குழம்புக்கு மீன் கழுவும்போது அம்மா தூக்கிப் போடும் தலைகளை உடைத்துச் சேர்த்திருக்கிறாள். வீடே நாறுகிறது என்று நீங்கள் திட்டினீர்களாமே, அக்கா. அது சும்மா கல் இல்லை, மீனின் காதுக் கல். மரத்தை அறுத்தால் வளையம் தெரிவது போல இதை அறுத்துத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்த்தால் மீனின் வயசைச் சொல்லிவிடலாம். கல்லில் படிந்த ஸ்ட்ரான்சியம் அளவை வைத்து, அந்த மீன் எப்போது உப்புத் தண்ணீரில் இருந்தது, எப்போது நல்ல தண்ணீருக்கு வந்தது என்றுகூடக் கணக்குப் போடுகிறார்கள். இதற்கென்றே ஒரு படிப்பு இருப்பது அவளுக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது, உங்கள் சொந்தத்தில் ஒருவருக்கும் தெரியாது.

நர்சிங், பார்மசி, கம்ப்யூட்டர் சயின்ஸ் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை, அதற்கு உங்கள் தெருவிலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள். நான் சொல்வது மீன்வளப் பட்டம், பி.எஃப்.எஸ்சி., நாலு வருஷம். நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாக வைத்து 2012இல் வந்த மீன்வளப் பல்கலைக்கழகத்தின் கீழ் நடக்கிறது. அதன் தூத்துக்குடிக் கல்லூரி 1977லிருந்தே இருக்கிறது, பொன்னேரியிலும் ஒன்று உண்டு. நீட் வேண்டாம், பிளஸ் டூ மதிப்பெண்தான். ஆனால் விண்ணப்பம் தனி. மருத்துவக் கலந்தாய்விலோ பொறியியல் கலந்தாய்விலோ தேடினால் கிடைக்காது, அந்தப் பல்கலைக்கழக இணையதளத்தைத்தான் பார்க்க வேண்டும்.

"சேலத்துப் பிள்ளைக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்?" என்று சித்தப்பா சிரித்தார். சம்பந்தம் இருக்கிறது. ஆத்தூர் வழியாக ஓடும் வசிஷ்ட நதி, சுவேத நதியோடு சேர்ந்து வெள்ளாறாகி, பரங்கிப்பேட்டையில் கடலில் விழுகிறது. அந்த முகத்துவாரத்தின் கரையில்தான் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. நம் பக்கம் சேகோ, அதாவது ஜவ்வரிசி ஆலைக் கழிவு ஆற்றில் கலந்தால் அந்த மாவுச்சத்து அழுகும்போது தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும், மீன் மூச்சுக்குத் திணறும். மேட்டூரை எடுத்துக்கொள்ளுங்கள். உல்லம் என்று ஒரு மீன், வங்காளிகள் உயிரை விடும் ஹில்சாதான் அது. கடலில் வாழ்ந்து, வெள்ளம் வரும்போது ஆறேறி முட்டையிடும். கொள்ளிடத்தில் கீழணை அதன் வழியை மறித்தது, 1934இல் முடிந்த மேட்டூர் அணை அது நம்பி வந்த வெள்ளத்தையே பிடித்து வைத்துக்கொண்டது, உல்லம் வரத்தும் குறைந்துபோனது. கடல் மீனின் கதையில் பாதி நம் மாவட்டத்தில் நடந்திருக்கிறது, நாம்தான் அணைப் பூங்காவில் பொரித்த மீன் தின்றுவிட்டு வந்துவிடுகிறோம்.

கொடுவா மீன் இதற்கு நேர் எதிர். முட்டையிடுவது முகத்துவாரப் பக்கம் உப்பு நீரில், குஞ்சுகள் வளர, உப்பும் நல்ல தண்ணீரும் கலந்த உவர்நீருக்கும் ஆற்றுக்கும் ஏறும். கடலில் இருக்கும்போது தண்ணீரைக் குடித்துச் செவுள் வழியாக உப்பைத் தள்ளும், ஆற்றுக்கு வந்தால் அதே செவுள் உப்பை உள்ளே இழுக்கும். இன்னொன்று கேளுங்கள், கொடுவா முதலில் ஆணாகத்தான் முதிரும், சில வருஷம் கழித்துப் பெருத்த பிறகு பெரும்பாலானவை பெண்ணாகிவிடும். அப்போது பெரிய மீனாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டே இருந்தால் யார் முட்டையிடுவது? இந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை, விஷயத்தைச் சொன்ன அடுத்த நிமிஷம் உங்கள் மகள் கேட்டாள். சென்னையில் இருக்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997இல் கொடுவாவைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்தது. குஞ்சுப் பண்ணையில் பெரியது சின்னதைத் தின்றுவிடும் என்பதால் சில நாளுக்கு ஒருமுறை அளவு பார்த்துப் பிரித்துக்கொண்டே இருக்க வேண்டும், ராத்திரி பகல் பார்க்க முடியாது.

கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். இறால் பண்ணை, குஞ்சுப் பொரிப்பகம் என்றால் ஆரம்பச் சம்பளம் சுமார்தான், நாற்றம் உண்டு, கடலோரக் கிராமத்தில் தங்க வேண்டிவரும். அரசு மீன்வளத் துறைக்குத் தேர்வாணைய அறிவிப்பு ஒவ்வொரு வருஷமும் வராது. ஆராய்ச்சிக்குப் போக ஆசை என்றால் மேலே எம்.எஃப்.எஸ்சி. என்ற முதுநிலைப் பட்டம் படித்தாக வேண்டும், மும்பையில் அதற்கென்றே மத்திய நிறுவனம் இருக்கிறது. அதன்பின் கொச்சி, மண்டபம், சென்னை என்று எங்கு வேண்டுமானாலும் வேலை அமையலாம். பெண்பிள்ளையை அவ்வளவு தூரம் எப்படி என்று கேட்காதீர்கள், கோச்சிங்குக்கு ஒரு வருஷம் ஹாஸ்டலில் விட்டபோது கேட்கவில்லையே.

விண்ணப்பம் போடும் முன் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு நாள் ஆத்தூர், விருத்தாசலம் வழியாகப் பரங்கிப்பேட்டைக்குப் போய் வாருங்கள். விடியற்காலையில் மீன் இறங்கும் இடத்தில் அவளை ஒரு மணி நேரம் தனியாக விடுங்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பி வந்தால் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடுங்கள். சித்தப்பாவையும் கூட்டிப் போங்கள், கார் அவருடையதுதானே.