அடிமானம் மாறினால் எண்ணில் எது மாறும்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

−2 அடிமானத்துக்கு மாற்ற நிரல் எழுதினேன். இலக்கங்கள் தப்பாக வருகின்றன. ஏன்? (அம்பத்தூர்)

கோளாறு, எண்ணை −2-ஆல் வகுத்துக்கொண்டே போகும்போது வரும் மீதியில் இருக்கிறது. அடிமானம் என்றால் இடமதிப்புகள் எந்த எண்ணின் அடுக்குகளோ அந்த எண்: வழக்கமாக 10, இங்கே −2. எனவே இடமதிப்புகள் வலமிருந்து 1, −2, 4, −8, 16 என்று போகும். இந்த அடிமானத்தில் இலக்கங்கள் 0, 1 மட்டுமே. மீதி எதிர்மமாகவே கூடாது. பைத்தான் நிரல்மொழியில் 13 % −2 (13-ஐ −2-ஆல் வகுத்த மீதி) என்றால் −1 வந்துவிடும். சி மொழியில் 13-க்கு 1 என்று சரியாக வரும். ஆனால் கணக்கு நடுவே ஈவு −1 ஆகும்போது மீதி −1, ஈவு 0 என்றாகி வேலை பாதியில் நின்றுவிடும். இரண்டுக்கும் தீர்வு ஒன்றுதான்: மீதி எதிர்மமானால் மீதியோடு 2, ஈவோடு 1 கூட்டுங்கள்.

கையால் போட்டுப் பாருங்கள். 13: மீதி 1, ஈவு −6. −6: மீதி 0, ஈவு 3. 3: மீதி 1, ஈவு −1. −1: மீதி 1, ஈவு 1. 1: மீதி 1, ஈவு 0. மீதிகளைக் கடைசியிலிருந்து எழுதினால் 11101. சரிபார்க்க, 16 − 8 + 4 + 1 = 13.

−13-க்கு 110111 வரும். கழித்தல் குறியே வேண்டாம். இதுதான் இந்த அடிமானத்தின் அழகு. பூச்சியம் நீங்கலாக, இலக்கங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையானால் நேர்ம எண், இரட்டைப்படையானால் எதிர்ம எண். முதல் இலக்கத்தை மற்றவை சேர்ந்தும் வெல்ல முடியாது: 16-ஐ எதிர்த்து அதிகபட்சம் 8 + 2 தான் நிற்கும்.

12 அடிமானத்தில் 1729 என்பது 1001. இது தற்செயலா? (திருவல்லிக்கேணி)

இல்லை. 1729-ஐ இரண்டு கனங்களின் கூட்டலாக இரண்டு விதமாக எழுதலாம் என்று கணித அறிஞர் ஹார்டியிடம் ராமானுஜன் சொன்னார்; அவற்றில் ஒன்று 12³ + 1³. 1001 அதையே எழுதிக் காட்டுகிறது. முன்பின்னாக வாசித்தாலும் மாறாதது 12 அடிமானத்தில் எழுதுவதால் வந்த குணம், 10-இல் அது கிடையாது. ஆனால் 13-ஆல் வகுபடுவது எண்ணின் சொந்தக் குணம், எந்த அடிமானத்திலும் போகாது. 12-இல் அது பளிச்செனத் தெரிகிறது, அவ்வளவுதான்: 12³ + 1 = 13 × 133.

7 அடிமானத்தில் 5020 ஒற்றையா, இரட்டையா? (தாம்பரம், +1 மாணவி)

ஒற்றை. அடிமானம் ஒற்றைப்படை என்றால் கடைசி இலக்கத்தை நம்பாதீர்கள்; இலக்கங்களைக் கூட்டுங்கள். 5 + 0 + 2 + 0 = 7. கடைசிப் பூச்சியம் சொல்வது 7-ஆல் வகுபடும் என்பதை மட்டுமே. (இதுவும் அதே 1729 தான்.)

நான்கே எடைக்கற்களால் 40 கிலோ வரை ஒவ்வொரு கிலோவையும் நிறுக்கலாமாமே? (கோயம்பேடு)

நிறுக்கலாம். 1, 3, 9, 27 கிலோ கற்களைத் தராசின் இரு தட்டிலும் வைக்க வேண்டும். 3-ஆல் வகுத்துக்கொண்டே வாருங்கள். மீதி 2 வந்தால் அதை −1 ஆக்கி, ஈவில் 1 கூட்டுங்கள். 23-க்கு ஒன்றின் இடத்திலிருந்து −1, −1, 0, 1 கிடைக்கும். அதாவது 27 ஒரு தட்டில். 3-உம் 1-உம் சரக்கோடு மறு தட்டில். பலர் மீதியை மாற்றிவிட்டு ஈவில் கூட்ட மறக்கிறார்கள், விடை அங்கேதான் தவறுகிறது. மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் 1958-இல் உருவான சேதுன் கணினி இந்த −1, 0, 1 இலக்கங்களில்தான் இயங்கியது.

அடிமானம் முழு எண்ணாக இல்லாவிட்டால்? (மயிலாப்பூர்)

பொன்விகிதத்தை (சுமார் 1.618) அடிமானமாக வைத்து 1957-இல் ஜார்ஜ் பெர்க்மன் எழுதிக் காட்டினார். அதன் வர்க்கம் அதைவிடச் சரியாக 1 கூடுதல் என்பதால் 011 வரும் இடமெல்லாம் 100 என்று மாற்றலாம். அடுத்தடுத்து இரண்டு 1 மிஞ்சாது. 2 என்பது 10.01, 3 என்பது 100.01, 4 என்பது 101.01. புள்ளிக்குப் பின்னும் இலக்கங்கள் வரும், ஆனால் முழு எண் எதுவானாலும் அவை முடிந்துவிடும். அரை அப்படியல்ல: 0.010010010… என்று முடியாமல் போகும்.