நிலாவரைப் பொடியைத் தினமும் சாப்பிடலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 64 வயது. மலச்சிக்கலுக்காக ராத்திரி ஒரு டீஸ்பூன் நிலாவரைப் பொடியை வெந்நீரில் கலந்து குடிக்கிறார். பல மாதமாக ஒரு நாள்கூட விட்டதில்லை. இதயத்துக்கு டிகாக்சின், கால் வீக்கத்துக்கு நீர் மாத்திரையும் உண்டு. இப்போது சிறுநீர் செந்நிறமாகப் போகிறது, கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது. 'நம்ம பக்கத்துக் காட்டில் விளைகிற இலைதானே' என்கிறார். சரியா?
- ஒரு வாசகி, மண்டபம்

சித்த மருத்துவர் பதில்: சிறுநீரின் நிறத்தைவிட எனக்குக் கவலை தருவது அந்தக் கெண்டைக்கால் இழுப்புதான். நிலாவரை சிறுநீரைச் சிவப்பாகவோ பழுப்பாகவோ மாற்றும். ஆனாலும் ரத்தம் இல்லை என்று பரிசோதித்தே உறுதிசெய்ய வேண்டும். கால் இழுப்பு வேறு கதை. தினமும் பேதியானால் உடம்பிலிருந்து பொட்டாசியம் போகும். நீர் மாத்திரைகளில் பலவும் அதையே வெளியேற்றும். பொட்டாசியம் குறைந்த உடம்பில் டிகாக்சின் விஷமாகலாம், இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். இன்றே பொடியை நிறுத்துங்கள். இதய மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நாளைக்குள் மருத்துவரிடம் கூட்டிப்போய் ரத்தத்தில் பொட்டாசியம், சிறுநீரகப் பரிசோதனை, இசிஜி எடுக்கச் சொல்லுங்கள். படபடப்பு, வாந்தி, மயக்கம் இருந்தால் நாளைவரை காத்திருக்க வேண்டாம்.

நம் மாவட்டத்துக் கரிசல் மானாவாரியில் விளையும் இலைதான், மறுக்கவில்லை. தூத்துக்குடி வழியாகக் கப்பலேறி ஐரோப்பாவுக்கும் போகிறது. அங்கே அதில் பேதியாக்கும் சென்னோசைடு சத்தை மில்லிகிராமில் அளந்து கொடுக்கிறார்கள். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 15 முதல் 30 மில்லிகிராம், அதிகபட்சம் ஒரு வாரம். இங்கே நாம் ஸ்பூனால் அளக்கிறோம். ஒரு டீஸ்பூன் பொடியிலேயே அந்த அளவைத் தாண்டிவிடலாம். விளைந்த ஊர் பார்த்து மருந்து சாதுவாகிவிடாது.

குடலில் உள்ள நுண்ணுயிர்கள் அந்தச் சத்தை உடைத்த பிறகே அது பெருங்குடலைத் தூண்டும். அதற்கு 6 முதல் 12 மணி நேரம் ஆகும். ராத்திரி குடித்தால் காலையில் போவது அதனால்தான். மலச்சிக்கல் வந்த ஓரிரு நாளைக்கு இது நல்ல மருந்து, நானே கொடுத்திருக்கிறேன். ஆனால் காரணம் தெரியாத வயிற்றுவலி, வாந்தி, குடலடைப்பு இருந்தால் தொடவே கூடாது. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் மருத்துவரைக் கேட்காமல் சாப்பிடக் கூடாது.

இந்தக் கரையில் பாசி எடுக்கப் போகும் பெண்களிடம் மலச்சிக்கலை நிறையப் பார்த்திருக்கிறேன். மணிக்கணக்கில் கடலில் நிற்பார்கள். ஒதுங்க இடமில்லை என்று தண்ணீரே குடிக்க மாட்டார்கள். அப்புறம் பொடியைத் தேடுவார்கள்! உங்கள் அம்மா எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதை இதய மருத்துவரே சொல்லட்டும். அது தெரியாமல் இசப்கோல் (மலச்சிக்கலுக்குக் கொடுக்கும் நார் உமி) கொடுக்காதீர்கள், தண்ணீர் போதாவிட்டால் அதுவே அடைத்துக்கொள்ளும். கீரை, கொய்யா, பனங்கிழங்கு போன்றவை பற்றியும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

பொடியை நிறுத்தியதும் சில நாள் மலம் சரியாகப் போகாது. அதைப் பார்த்து மறுபடி ஸ்பூனை எடுக்க விடாதீர்கள். மாற்று மருந்து கேளுங்கள். மருத்துவரிடம் போகும்போது மாத்திரை அட்டைகளோடு அந்தப் பொடிப் பாக்கெட்டையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.