கடல் தடியோடு வவுனிக்குளத்துக்குப் போகலாமா?

கேள்வி: சொந்த இடம் பருத்தித்துறை. கடலில் தூண்டில் போட்டுப் பழக்கம். இந்த வருடம் மல்லாவிக்கு மாற்றலாகி வந்திருக்கிறேன். ஆகஸ்ட் விடுமுறையில் வவுனிக்குளத்தில் விரால் பிடிக்க ஆசை. ஆனால் குளத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. தடி, ரீல், நூறு செயற்கை இரை என்று எல்லாம் சேர்ந்த பெட்டியொன்றைக் கடையில் காட்டினார்கள். வாங்கலாமா? என்னிடமுள்ள கடல் தடி போதாதா?
- ஆசிரியர் ஒருவர், மல்லாவி

பதில்: பெட்டி வேண்டாம் சேர். அந்த நூறில் நம் குளங்களுக்கு உதவுவது நாலோ ஐந்தோதான். நானும் அப்படியொரு பெட்டியோடு முத்தையன்கட்டுக்குப் போனவன். கடித்த முதல் விரால் முள்ளைக் குண்டூசி போல நிமிர்த்திவிட்டுப் போனது.

உங்கள் கடல் தடியின் கைப்பிடிக்கு மேலே சின்ன எழுத்தில் ஒரு கணக்கு இருக்கும், பாருங்கள். 80-150 கிராம் என்று இருந்தால், அது அந்தப் பாரத்தை எறியச் செய்த தடி. விராலுக்கு எறியும் ரப்பர் தவளை 10, 15 கிராம்தான். தடி வளையவே வளையாது, தவளை உங்கள் காலடியில் விழும். ஆகவே தடி மட்டும் புதிதாக வாங்குங்கள்: ஆறரை, ஏழு அடி, 10-30 கிராம் என்று எழுதியது. ரீல் 3000, 4000 அளவென்றால் உப்பைக் கழுவி எண்ணெய் விட்டு அதையே பூட்டலாம். அதிலுள்ள தங்கூசியை (நைலோன் நூலை) மட்டும் மாற்றுங்கள். அது இழுபடும், தாமரைத் தண்டுக்குள் விரால் புகுந்தால் திருப்ப முடியாது. 30 இறாத்தல் பின்னல் நூல் போதும். மிச்சக் காசுக்கு நல்ல தவளை இரண்டு. முள் உடம்போடு ஒட்டியிருக்கும் வகையாகப் பாருங்கள், பாசியில் மாட்டாது.

கடைக்குப் போகும்போது சட்டைப்பையில் கொஞ்சம் பஞ்சு. தடியின் ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் அதைத் தேய்த்துப் பாருங்கள். எங்காவது பஞ்சு இழை பிடித்தால் வளையத்தில் வெடிப்பு இருக்கிறது, அது நூலை அறுக்கும். தவளையின் முள் நுனியைப் பெருவிரல் நகத்தில் மெல்ல வைத்து இழுங்கள். வழுக்கினால் மொட்டை. முதலாளி முகத்தைச் சுழித்தால் சுழிக்கட்டும்.

அடுத்தது குளம். முதல் மாலை தடியை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். சிறுபோகத்துக்குத் தண்ணீர் விட்டு, குளம் இறங்கிக் கிடக்கும் காலம் இது. அலைகரைப் பக்கம் பட்ட மரம், பள்ளம், பழைய வாய்க்கால் எல்லாம் வெளியே தெரியும். படம் எடுத்து வையுங்கள், மாரியில் அதெல்லாம் தண்ணீருக்குள். சோளகம் தென்மேற்கிலிருந்து அடிப்பதால் குப்பையும் சின்ன மீனும் வடகிழக்குக் கரையில் ஒதுங்கும், அவற்றைத் தின்பவையும் பின்னால் வரும்.

தண்ணீர் சூடாகும்போது அதில் பிராணவாயு குறையும். விராலுக்கு அது பெரிய கவலையில்லை, மேலே வந்து காற்றை விழுங்கும். தாமரை ஓரத்தில் 'களக்' என்று ஒரு சத்தம், ஒரு வட்டம். அந்த வட்டத்துக்குள் எறியாதீர்கள். இரண்டு பாகம் (பன்னிரண்டு அடியளவு) தள்ளி எறிந்து அதன் மேலாக இழுத்து வாருங்கள். அடித்ததும் தடியைத் தூக்க கை துடிக்கும். ஒன்று, இரண்டு எண்ணிவிட்டு இழுங்கள், இல்லாவிட்டால் வெறும் தவளைதான் திரும்பி வரும். விடியலிலிருந்து எட்டு மணிவரை, பிறகு நாலரைக்கு மேல்தான் சரியான நேரம். இருட்டுமுன் கிளம்பிவிடுங்கள், யானை வரும். தவளை சிக்கினால் தண்ணீருக்குள் இறங்கி எடுக்கப் போகாதீர்கள். முதலை உள்ள குளங்கள் இவை. தவளை போனால் போகட்டும்.

ஒன்று மறந்துவிட்டேன். குளத்தில் மீன்குஞ்சு விட்டுத் தொழில் செய்யும் நன்னீர் மீனவர் சங்கத்தாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எறியுங்கள். கூடுதல் கவனமும் தேவை: வவுனிக்குளமும் சரி, மன்னார்ப் பக்கம் கட்டுக்கரைக்குளமும் சரி, வனசீவராசிகள் சரணாலயங்கள்.

கேள்வி: முகநூலில் பார்த்து வாங்கிய ரீல் மூன்றாம் நாளே பல் தேய்ந்து சுற்றுகிறது. '9+1 பேரிங்' என்று போட்டிருந்தது. விற்றவரோ, விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படாது என்று பில்லில் அச்சடித்திருப்பதைக் காட்டுகிறார்.
- வாசகி, கிளிநொச்சி

பதில்: பேரிங் எத்தனை என்பதில் ஒன்றுமில்லை, தரமில்லாத பத்தை விட நல்ல நாலு மேல். பில்லில் அப்படி அச்சடித்தால் பழுதுக்கான பொறுப்பு போய்விடாது. பில்லையும் விளம்பரத்தின் படத்தையும் பத்திரப்படுத்துங்கள். முதலில் விற்றவருக்கே எழுத்தில் அனுப்புங்கள், வாட்ஸ்அப்பிலும் அனுப்பலாம். மசியாவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் அதற்காகத்தான் இருக்கிறது. தொலைபேசி 1977. வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுதிவிட வேண்டும், ஆகவே விராலுக்குப் போகுமுன் கடிதத்தை முடியுங்கள்.