ஆச்சியின் 101 வயதும் உங்கள் 56 வயதும்

கேள்வி: என் அம்மையின் ஆச்சி 101 வயது வரை வாழ்ந்து 1999-இல் இறந்தார். கொல்லம் ஆண்டுக் கணக்கில் 1073-இல் பிறந்ததாகவும், தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளத்தின்போது கைக்குழந்தையோடு இருந்ததாகவும் அவரே சொல்லுவார். தொண்ணூறு வயது வரை ஆடிச் செவ்வாய்க்குத் தாழாக்குடி ஔவையாரம்மன் கோயிலுக்குப் போய்வந்தவர். எனக்கோ 56 வயதிலேயே முழங்கால் வலிக்கிறது, கண்ணாடி இல்லாமல் வாசிக்க முடியவில்லை. நடையிறங்கும்போது மகள் கைகொடுத்தால் உதறிவிடுகிறேன். “ஆச்சியைப் பார்” என்று வீட்டில் எல்லோரும் சொல்லும்போது, சுவரில் இருக்கும் அவர் படத்தை நிமிர்ந்து பார்க்கவே கூச்சமாக இருக்கிறது. முதுமையை நான் எப்படி ஏற்றுக்கொள்வது? அவருடைய ஆயுள் எனக்கும் வருமா?
— வாசகி, திருவட்டாறு

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் கடிதத்தை வாசித்ததும் முதலில் ஆச்சி சொன்ன கணக்கைத்தான் போட்டுப் பார்த்தேன். பிறப்புச் சான்றிதழ் இல்லாத அந்தத் தலைமுறை, வெள்ளத்தையும் கொள்ளைநோயையும் அரசர் மாறிய ஆண்டையும் வைத்தே வயதைச் சொல்லும் என்பதால், நூறு வயது என்ற பேச்சில் ஐந்தாறு ஆண்டுகள் கூடிப்போவது உண்டு. ஆனால் கொல்லம் 1073 என்பது 1898-ஐ ஒட்டியது. தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம், அதாவது கொல்லம் 1099-ஆம் ஆண்டு வெள்ளம், 1924-இல் வந்தது. இருபத்தாறு வயதுப் பெண்ணின் கையில் ஒரு குழந்தை இருந்தது என்பது இயல்பாகவே பொருந்துகிறது. அந்த வயதை நீங்கள் நம்பலாம்.

அந்தக் கணக்கை இன்னும் கொஞ்சம் நீட்டிப் பாருங்கள். பேச்சிப்பாறை அணை கட்டி முடிந்த 1906-இல் ஆச்சி எட்டு வயதுச் சிறுமி. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்–கொச்சியிலிருந்து பிரிந்து, 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது அவருக்கு 58 வயது. அதாவது, உங்களைவிட இரண்டு வயது மூத்தவராக இருந்தபோதுதான் அவருடைய அரசாங்கமும் அலுவலக மொழியும் மாறின. தமிழர் மாநிலத்தின் குடிமகளாக அவர் வாழ்ந்த 43 ஆண்டுகளும் உங்கள் இன்றைய வயதைக் கடந்த பிறகு வந்தவை. 56 வயதை ஏதோ கடைசிப் பக்கம் போலக் கருதி நீங்கள் எழுதியிருப்பதால்தான் இதை இவ்வளவு விரித்துச் சொல்லுகிறேன்.

அவருடைய ஆயுள் உங்களுக்கும் வருமா என்ற கேள்விக்கு யாராலும் உறுதியான பதில் தர முடியாது. டென்மார்க்கில் இரட்டையர்களை வைத்து நடத்தி 1996-இல் வெளியிட்ட ஆய்வு, ஆயுள் வேறுபாட்டில் ஏறத்தாழ கால் பங்குதான் பரம்பரையால் வருகிறது என்று கணித்தது. அந்தப் பங்கு இதைவிடக் கூடுதல் என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு. எப்படி இருந்தாலும், ஆச்சி உங்களுக்கு நான்காம் தலைமுறை. உங்கள் மரபணுக்களில் சுமார் எட்டில் ஒரு பங்குதான் அவரிடமிருந்து வந்திருக்கும். மீதி ஏழு பங்கையும் மற்றவர்கள் தந்திருக்கிறார்கள். அவர் சாப்பிட்ட மரச்சீனியும் மீன்கறியும் பயற்றங்கஞ்சியும்தான் காரணம் என்று சிலர் சொல்லக்கூடும். அதே சாப்பாட்டைச் சாப்பிட்ட எத்தனையோ பேர் அம்மைநோயாலும் காலராவாலும் பேறுகாலத்திலும் இளம் வயதிலேயே போய்ச் சேர்ந்தார்கள், அவர்களுடைய படங்கள் நம் சுவர்களில் இல்லை.

இனி, உங்களை உண்மையில் வருத்துகிற இடத்துக்கு வருகிறேன். நீங்களும் உங்கள் வீட்டாரும் நினைவில் வைத்திருப்பது, தொண்ணூறு வயதில் கோயிலுக்குப் போன ஆச்சியை மட்டும்தான். அதற்குப் பிறகு பதினொரு ஆண்டுகள் இருந்தார் அல்லவா? அந்த ஆண்டுகளைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அவர் யாருடைய தோளைப் பிடித்து எழுந்தார், கண் மங்கியபோது யார் சோறு பிசைந்து கொடுத்தார்கள் என்பதையெல்லாம் வீடு மறந்துவிட்டு, உடம்பு தளராத ஒரு ஆச்சியை உண்டாக்கி உங்கள் முன்னால் நிறுத்தியிருக்கிறது. அப்படி ஒரு ஆச்சி எந்த வீட்டிலும் இருந்ததில்லை. பிறர் கையைப் பிடித்துக்கொள்வதற்கு அவர் கூச்சப்பட்டிருந்தால், 101 வயது வரை அந்த வீட்டில் நிம்மதியாக இருந்திருக்க மாட்டார் என்றே நான் நினைக்கிறேன்.

நானும் தோவாளைப் பக்கத்துக்காரி என்பதால், அவர் போய்வந்த கோயிலைப் பற்றி ஒன்று சொல்லத் தோன்றுகிறது. இளமையிலேயே பிள்ளையாரிடம் முதுமையை வேண்டிப் பெற்றவர் ஔவை என்பது நாம் எல்லோரும் சிறுவயதில் கேட்ட கதை. அந்தக் கிழவியைத் தெய்வமாக வைத்து, ஆடிச் செவ்வாயில் நம் பெண்கள் கூட்டம் கூட்டமாகப் போய்க் கொழுக்கட்டை அவித்துப் படைக்கிறார்கள். நரையும் ஊன்றுகோலும் உள்ள ஒருத்தியின் முன்னால் நின்று, பிள்ளை வரமும் மாங்கல்ய பலமும் கேட்கிற ஊர் நம்முடையது. உங்கள் ஆச்சி ஆண்டுதோறும் கும்பிட்டது அந்த முதுமையைத்தான். தலைக்குச் சாயம் பூசுவதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம், அதில் நான் தலையிடவில்லை. ஆனால் கண்ணாடி போடுவதற்காக வருந்தாதீர்கள். நாற்பதைக் கடந்தால் கண்ணின் வில்லை நெகிழ்ச்சி குறைவது எல்லோருக்கும் உள்ளதுதான். ஆச்சிக்கும் அது குறைந்துதான் இருக்கும்.

முழங்கால் வலியை மட்டும் வயதின் மேல் போட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டாம். மாதவிடாய் நின்ற பிறகு எலும்பின் அடர்த்தி விரைவாகக் குறைகிறது, தசையும் மெலிகிறது; தொடைத் தசை வலுவிழக்கும்போது மூட்டின் மேல் பாரம் கூடுகிறது. மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிட்டு, அவர் சரி என்றால், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சியை ஐந்து முறையில் தொடங்கி மெல்லக் கூட்டுங்கள். வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பும், இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஆச்சிக்கு இதைத் தனியாகச் சொல்லவேண்டியிருக்கவில்லை. கிணற்றில் நீர் இறைத்து, குந்தியிருந்து அடுப்பூதி, கடவம் சுமந்து சந்தைக்கு நடந்ததிலேயே அவை அடங்கிவிட்டன. இன்னொன்று, தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்கிற மாவட்டம் நம்முடையது. ஆண்டில் பாதி நாள் முற்றத்திலும் குளிமுறியிலும் பாசி பிடித்திருக்கும். எலும்பு மெலிந்த வயதில் ஒருமுறை வழுக்கி விழுவது, மற்ற எந்த வலியையும்விட ஆபத்தானது. நடையில் ஒரு கைப்பிடிக் கம்பி வைக்கச் சொல்லுங்கள். அதுவரை மகளின் கையை உதறாதீர்கள்.

கடைசியாக ஒன்று. உங்கள் அம்மை இருக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், ஆச்சியின் கடைசிக் காலத்தில் அவருக்கும் ஏறத்தாழ உங்களுடைய இன்றைய வயதுதான் ஆகியிருக்கும். ஒருவேளை அவருக்கும் அப்போது முழங்கால் வலித்திருக்கலாம். ஒரு மாலை நேரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பதினொரு ஆண்டுகளில் ஆச்சியைக் குளிப்பாட்டியது யார், இரவில் எத்தனை முறை எழுப்பினார், நடக்க முடியாமல் போன முதல் ஆடியில் கோயிலைப் பற்றி என்ன சொன்னார் என்று கேளுங்கள். மகளையும் கூட இருக்கச் சொல்லுங்கள்.