தூண்டில் குட்டையில் எத்தனை மீன் விடலாம்?

கேள்வி: செங்கல்பட்டு மாவட்டத்தில் 50 சென்ட் பண்ணைக்குட்டை வைத்திருக்கிறேன். ஐந்தடி ஆழம், போர் தண்ணீர். கட்லா, ரோகு, மிர்கால் என்று கெண்டை இன மீன்கள் எல்லாம் சேர்த்து 600 இருக்கும்; ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு கிலோ. சனி, ஞாயிறுகளில் சென்னையிலிருந்து தூண்டில் போட வருகிறார்கள். மணிக்கு இவ்வளவு என்று கட்டணம். பிடித்த மீனைத் திரும்பக் குட்டையிலேயே விட்டுவிட வேண்டும். அரைமணி நேரம் மீன் கடிக்காவிட்டால் முகம் சுளிக்கிறார்கள். அரைக்கிலோ மீனாக இன்னும் 1,500 வாங்கி விட்டு, தீவனத்தையும் குறைத்தால் சட்டென்று கடிக்கும் என்கிறார் பழக்கமான ஒருவர். பட்டினி போட எனக்கு மனசு வரவில்லை. சில மீன்களுக்கு வாயில் புண்ணும் இருக்கிறது. என்ன செய்யலாம் ஐயா?

பதில்: உங்கள் மனசு சொல்வதுதான் சரி. பட்டினி போடாதீர்கள். அந்த 1,500 மீனையும் வாங்காதீர்கள். உங்கள் குட்டை இப்போதே நிறைந்துதான் இருக்கிறது.

பல இன மீன்களைச் சேர்த்து வளர்க்கும் கூட்டு மீன் வளர்ப்பில் ஏக்கருக்கு 2,000 முதல் 2,500 என்று சொல்வது விரலிகளுக்கான, அதாவது விரல் நீளக் குஞ்சுகளுக்கான கணக்கு. அவற்றை வளர்த்து, ஓராண்டில் வலை போட்டுப் பிடித்துவிடுவோம். உங்களிடம் இருப்பது பிடித்தாலும் குட்டைக்கே திரும்பி, வளர்ந்துகொண்டே போகும் மீன். அதனால் எண்ணிக்கையை விட்டுவிட்டு எடையைப் பாருங்கள். ஏரேட்டர் (தண்ணீரில் காற்றைக் கலக்கும் கருவி) இல்லாத குட்டையில் சென்ட்டுக்கு 12 கிலோவுக்கு மேல் மீன் நிற்க வேண்டாம் என்பது என் கணக்கு. 50 சென்ட்டுக்கு 600 கிலோ. அது இப்போதே நிற்கிறது. 1,500 அரைக்கிலோ மீன் சேர்ந்தால் 1,350 கிலோ ஆகிவிடும். இருக்கிற மீன் ஒன்றரைக் கிலோவாகும்போது 400 மீன்தான் குட்டை தாங்கும்.

ஆபத்து விடியற்காலையில்தான் வரும். பகலில் பாசி ஆக்சிஜன் தரும். இரவில் அதே பாசியும் மீனோடு சேர்ந்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். வெயில் காலத்தில் தண்ணீரே குறைவாகத்தான் பிடித்து வைக்கும்: 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் என்றால், 30 டிகிரியில் ஏழரைதான். நாலு மணிக்கு எழுந்து கரையில் நின்று பாருங்கள். கட்லா மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் மூச்சு முட்டுகிறது என்று பொருள். உடனே மோட்டாரைப் போட்டு, தண்ணீர் உயரத்திலிருந்து சிதறி விழும்படி குழாயை வையுங்கள். அன்று தீவனமும் வேண்டாம், தூண்டிலும் வேண்டாம். ஏரேட்டர் வாங்கினால் நல்லதுதான், ஆனால் அதை நம்பிக் கூடுதலாக மீன் விடாதீர்கள். விடியற்காலை கரண்ட் போனால் குட்டையிலுள்ள மொத்த மீனும் செத்து மிதக்கும்.

கடிக்காததற்கு மீன் குறைவு காரணமில்லை. ஒருமுறை முள்ளில் மாட்டிய கெண்டை இனம் தூண்டிலை ஒதுக்கப் பழகிக்கொள்ளும். இது ஆராய்ச்சியில் கண்டறிந்த விஷயம். அதே மீனையே வாராவாரம் பிடித்து விட்டால் அது கடிக்காது. கடிக்கவில்லையே என்று புது மீன் விட்டால் அதுவும் சீக்கிரம் பழகிவிடும். பிறகு இன்னும் மீன், இன்னும் நெரிசல், கடைசியில் பட்டினி. பசியில் கடிக்கும் மீனைக் காட்டிக் காசு வாங்குவது சரியில்லை. ஆற்று மீனுக்கு வேறு இடம் போக வழி உண்டு. நாம் அடைத்து வைத்த மீனின் மூச்சுக்கும் தீனிக்கும் நாமே பொறுப்பு.

பிடித்து விடும் முறையையே மாற்றுங்கள் என்பேன். சுவிட்சர்லாந்தில் திரும்ப விடும் நோக்கத்தோடு தூண்டில் போடுவதைச் சட்டமே தடுக்கிறது. விளையாட்டுக்காக மட்டும் மீனை வதைக்கக் கூடாது என்பது அதன் அடிப்படை. நம் ஊரில் வருகிறவர்களும் மீனைச் சாப்பிட ஆசைப்படுகிறவர்கள்தான். நுழைவுக்கு ஒரு கட்டணம், எடுத்துப் போகும் மீனுக்குக் கிலோ விலை என்று வையுங்கள். பிடித்த மீனைக் கரையில் துடிக்க விடாமல் தலையில் ஓங்கி ஒரே அடி அடித்து, ஐஸில் போட்டுக் கொடுங்கள். எடுத்த எடைக்கு ஈடாக மட்டும் புது மீன் விடுங்கள். அப்போது தூண்டிலுக்குப் பழகிய மீன் கழிந்து, கடியும் கூடும்.

ஒரு நேரத்தில் ஆறேழு தூண்டிலுக்கு மேல் அனுமதிக்காதீர்கள். ஏப்ரல், மே மாதங்களில் காலை பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள். மாவு உருண்டையைச் சுற்றி நாலைந்து முள் கட்டும் பழக்கம் வேண்டவே வேண்டாம்; அது கண்ணிலும் செவுளிலும் குத்தும். ஒற்றை முள், அதிலும் பின்னோக்கி நிற்கும் சிறு கூர்முனையைக் குறட்டால் நசுக்கிவிட்டது போதும். சிறு மீனைத் திரும்ப விடுவதென்றால் கையை நனைத்துக்கொண்டு தொடச் சொல்லுங்கள். காய்ந்த கை அதன் வழுவழுப்பை உரித்துவிடும், பிறகு பூஞ்சை பிடிக்கும். செவுளில் விரல் விட்டுத் தூக்கிப் படம் எடுப்பதைக் கண்டிப்பாகத் தடுங்கள்.

வாயோரத்தில் மட்டும் புண் என்றால் பெரும்பாலும் முள் கிழித்த காயம்தான். இரண்டு மூன்று வாரம் தூண்டிலை நிறுத்தி வையுங்கள். உடம்பிலும் சிவந்த புண் தெரிந்தால் நோயாக இருக்கலாம். மீன்வளத் துறை அலுவலரிடம் காட்டி, அவர் சொல்லும் மருந்தை மட்டும் போடுங்கள்.

இன்னொன்று. சட்டென்று கடிக்கும், எந்தத் தண்ணீரிலும் பிழைக்கும் என்று ஆப்பிரிக்கக் கெளுத்தியை யாராவது கொண்டுவந்து விற்கப் பார்ப்பார்கள். அது நம் நாட்டில் தடை செய்யப்பட்ட மீன். ஐப்பசி மழையில் குட்டை வழிந்தால் பக்கத்து ஏரிக்குப் போய், அங்குள்ள நாட்டு மீன்களைத் தின்றுவிடும். ஒன்றுகூட வாங்காதீர்கள். மழைக்கு முன்பே வழிந்தோடும் வாயில் நெருக்கமான வலையும் கட்டிவிடுங்கள்.