மழைக்குக் காத்திருக்குற ஆளுங்க: கேள்வி பதில்

கேள்வி: மார்ச் கடைசில ஏற்காட்டுல சித்தப்பா எஸ்டேட்டுக்குப் போனப்ப காப்பிச் செடியெல்லாம் வாடித் தொங்குச்சு. ரெண்டு வாரம் கழிச்சுப் போனா சரிவு மொத்தமும் வெள்ளை. எல்லாச் செடியும் ஒரே நாள்ல பூக்கணும்னு யாரு சொல்லிக் குடுத்தது? (வாசகி, அஸ்தம்பட்டி)

பதில்: மழைதாங்க. அந்த வாடின செடியோட இலைக் கணுவுல உத்துப் பார்த்திருந்தா அரிசி சைஸுக்குப் பச்சை மொட்டு கொத்துக் கொத்தா ஒட்டிட்டு இருந்திருக்கும். அந்த அளவு வந்ததும் வளர்ச்சி நின்னு தூங்கிடும், கொஞ்ச நாள் நல்லா காஞ்சாதான் அது முழிக்கவே தயாராகும், அப்புறம் வேர் நனையுற மாதிரி ஒரு கோடை மழை விழுந்துச்சுன்னா மடமடன்னு நீண்டு 8, 10 நாள்ல விரிஞ்சிடும். ஒரே மழைல நனைஞ்சதெல்லாம் ஒண்ணா பூக்குது, அவ்வளவுதான். பக்கத்துச் சரிவுல மழை ரெண்டு நாள் தள்ளிப் பெஞ்சா பூவும் ரெண்டு நாள் லேட். காய விடாம தண்ணி ஊத்திட்டே இருந்தா அங்கொண்ணு இங்கொண்ணுன்னுதான் பூக்கும்.

இது ஏற்காட்டுல கத்துக்கிட்ட பழக்கம் இல்ல. சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் 1820கள்ல கொண்டாந்து வச்ச செடி இது, அராபிகாங்குற இந்தக் காப்பி வகைக்குப் பூர்வீகம் எத்தியோப்பியா மலைக்காடு, அங்கயும் வறட்சி ஒரு சீசன் மழை ஒரு சீசன், காய் பழுக்க 8, 9 மாசம் ஆகுறதால மழை தொடங்குறப்பவே பூத்துட்டாதான் காய் பெருக்குறப்ப மண்ணுல ஈரம் இருக்கும். பூ என்னமோ ரெண்டு மூணு நாள்தான். மல்லி வாசம் அடிச்சாலும் மல்லிக்குச் சொந்தமில்ல, நம்ம வாசல்ல நிக்குற இட்லிப்பூவுக்குப் பங்காளி. பக்கத்துல வச்சுப் பாருங்க, காப்பிக்குப் பெரும்பாலும் அஞ்சு இதழ், இட்லிப்பூவுக்கு நாலு, அடில குழாய் மட்டும் ரெண்டுக்கும் ஒரே மாடல்.

கேள்வி: பக்கத்துக் காலி மனைல ஆறு மாசமா சொட்டுத் தண்ணி இல்ல. ஒரு ராத்திரி மழைக்கே மஞ்சக் கலர்ல பெரிய பெரிய தவளை கத்துது. வானத்துல இருந்து விழுந்துச்சா? (வாசகர், அம்மாபேட்டை)

பதில்: உங்க காலடிலதான் இருந்துச்சு. வெயில் காலத்துல மண்ணுக்குள்ள பொதைஞ்சு மூச்சைக் கொறச்சு, உடம்புல சேத்து வச்ச கொழுப்புலயே ஓட்டும். மஞ்சளா இருக்குறது ஆம்பளை, மத்த நாள்ல பாசிக் கலர்தான், கல்யாண சீசனுக்கு மட்டும் இந்த வேஷம், தொண்டை ரெண்டு பக்கமும் நீலப் பை வேற. குட்டை காயறதுக்குள்ள முட்டை பொரிஞ்சு கால் முளைச்சு வெளிய வந்தாகணும், அந்த அவசரத்துல இதோட தலைப்பிரட்டை கூடப் பொறந்ததையும் தின்னுடும். விஷமெல்லாம் இல்ல, உப்பைப் போட்டு விரட்டாதீங்க.

கேள்வி: ஏரி வத்தினாலும் விரால் மட்டும் சேத்துல உயிரோட கிடக்குதே? (அதே வாசகர்)

பதில்: தலைக்குள்ள காத்து மூச்சு விட ஒரு அறை இருக்குங்க. சேறு ஈரமா இருந்தா போதும். ஆனா ஏரி நெறைய தண்ணி இருந்தாலும் மேல வந்து காத்து குடிக்க விடாம அமுக்கி வச்சா செத்துப்போயிடும்.